லெஸ், ஃபியூவர்

லெஸ், ஃபியூவர் இரண்டும் குறைவைச் சுட்டும் ஆங்கிலச் சொற்கள். எண்ணக்கூடியவற்றுக்கு ஃபியூவர், அளக்கக்கூடியவற்றுக்கு லெஸ் என்பது பள்ளி இலக்கணம்: புத்தகம் குறைந்தால் முன்னது, தண்ணீர் குறைந்தால் பின்னது. விதி எளிது, மொழியின் வரலாறுதான் அதற்கு ஒத்துவரவில்லை. மன்னர் ஆல்ஃபிரட் ஏறத்தாழ 888இல் லத்தீனிலிருந்து பெயர்த்த நூலிலேயே லெஸ் எண்ணக்கூடிய பெயரோடு வருகிறது. பழைய ஆங்கிலத்தில் அது ‘சொற்களில் குறைவு’ என்பது போன்ற வேற்றுமைத் தொடர். உருபுகள் உதிர்ந்தபின் லெஸ் நேராகப் பன்மைப் பெயருக்கு முன் வந்து நின்றது. ராபர்ட் பேக்கர் என்பவர் 1770இல் வெளியிட்ட நூலில், எண்ணிக்கைக்கு ஃபியூவர்தான் நயமும் முறையும் எனத் தமக்குத் தோன்றுவதாக எழுதினார். ஒருவரின் ரசனை பின்வந்த இலக்கண நூல்களில் கட்டளையாக இறுகிவிட்டது.

கட்டளை என்றே கொண்டாலும் அது முழுதாகச் செல்லுபடியாவதில்லை. பத்து மைல், ஐம்பது பவுண்டு, மூன்று வாரம் எல்லாம் எண்ணக்கூடியவையே. ஆனால் இவற்றுக்குக் குறைவு என்னும்போது கவனமாக எழுதுவோரும் லெஸ் என்றே எழுதுகிறார்கள். பத்து மைல் என்பது பத்துத் தனிப்பொருள்கள் அல்ல, ஒரே தொலைவு. ஆக, பெயர் பன்மையா என்பதைவிட, பேசுபவர் அதை உதிரிகளாகக் காண்கிறாரா, ஒரே அளவாகக் காண்கிறாரா என்பதே சொல்லைத் தீர்மானிக்கிறது.

வேறுபாடு போனால் பொருள் குழம்பும் என்பார்கள். மிகுதியைச் சொல்லும் மோர் இரு வகைக்கும் பொதுவாக இருந்தும் யாரும் குழம்புவதில்லை. ஓரிடத்தில் மட்டும் அந்த வாதத்துக்கு வலு உண்டு. ‘லெஸ் எக்ஸ்பீரியன்ஸ்ட் டாக்டர்ஸ்’ என்றால் அனுபவம் குறைந்த மருத்துவர்களா, அனுபவமுள்ள மருத்துவர்களின் எண்ணிக்கை குறைவா? இங்கே ஃபியூவர் உண்மையாகவே உதவுகிறது. பிறப்பு ரசனையில் என்பதால் விதியையே தூக்கி எறியலாமா என்றால், அதுவும் சரியல்ல. இரண்டரை நூற்றாண்டுப் போதனை வாசகரிடம் ஓர் எதிர்பார்ப்பை வளர்த்திருக்கிறது. தேர்வுத்தாளிலும் நாளிதழிலும் அதை மீறுபவர் அறியாதவராகவே எண்ணப்படுவார். பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ பலகை இந்தச் சச்சரவில் சிக்கியது. 2008இல் பிளெய்ன் இங்கிலிஷ் கேம்பெய்ன் அமைப்பின் யோசனைப்படி அது ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ ஆனது: இரு சொற்களையும் தவிர்த்த கெட்டிக்காரத்தனம்.