கலிப்பொலி படை வெளியேற்றம்

முதல் உலகப் போரின்போது துருக்கியின் கலிப்பொலி தீபகற்பத்தில் தோல்வி கண்ட நேச நாட்டுப் படைகள், 1915 டிசம்பரிலும் 1916 ஜனவரியிலும் கடல் வழியாக மீட்கப்பட்டன. தார்தனெல்ஸ் நீரிணையைத் திறந்து கான்ஸ்டான்டிநோபிளைப் பிடிப்பது படையெடுப்பின் நோக்கம். 1915 மார்ச் 18 அன்று கடற்படையின் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஏப்ரல் 25 அன்று தரையிறங்கிய படைகளால் கடற்கரையை ஒட்டிய குன்றுகளைத் தாண்ட முடியவில்லை. ஆகஸ்டில் சுவ்லா விரிகுடாவில் புதிய படைகள் இறங்கியும் பயனில்லை.

அக்டோபரில் பல்கேரியா ஜெர்மனியுடன் சேர்ந்ததால், ஜெர்மன் பீரங்கிகள் துருக்கிக்கு எளிதில் வந்து சேரும் நிலை உருவானது. தளபதி இயன் ஹாமில்டன், வெளியேறினால் பாதிப் படையை இழக்க நேரிடும் என்று அஞ்சினார். அவருக்குப் பதிலாக வந்த சார்லஸ் மன்ரோ களத்தைப் பார்த்ததும் வெளியேறுவதே வழி என்று பரிந்துரைத்தார். நவம்பர் இறுதியில் அடித்த புயலில் சுவ்லாவின் அகழிகள் வெள்ளக்காடாயின. அடுத்து வந்த பனியில் பலர் உறைந்து மாண்டனர். டிசம்பர் 7 அன்று பிரிட்டிஷ் அமைச்சரவை சுவ்லாவையும், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இருந்த ஆன்சாக் முனையையும் கைவிட முடிவெடுத்தது.

சில இடங்களில் எதிரியின் அகழி பத்து கெஜத்துக்குள் இருந்தது. படை குறைவது எதிரிக்குத் தெரிந்திருந்தால் கடற்கரையிலேயே எல்லோரும் அழிந்திருப்பார்கள். ஆன்சாக் முனையின் திட்டத்தை வகுத்த பிரூடனெல் வைட், எதிரியை மெல்ல மெல்ல அமைதிக்குப் பழக்கினார். நவம்பர் கடைசியில் சில நாட்கள் ஆஸ்திரேலியர் ஒரு குண்டுகூடச் சுடாமல் இருந்தனர். உளவு பார்க்க நெருங்கி வந்த துருக்கியர் மட்டும் சுடப்பட்டனர். அதன்பின் அகழிகளின் மௌனம் எவருக்கும் ஐயம் தரவில்லை. இரவில் வீரர்களைக் கப்பலேற்றிவிட்டு, பகலில் வழக்கம்போல் ஆளும் வண்டியும் நடமாடுவதாகக் காட்டினர். டிசம்பர் 17 அன்று திறந்த வெளியில் கிரிக்கெட்டும் ஆடினர்.

வில்லியம் ஸ்கரி என்ற ஆஸ்திரேலிய வீரர் தானே சுடும் துப்பாக்கி ஒன்றை அமைத்தார். மேல் தகரத்திலிருந்து சொட்டும் நீர் கீழ்த் தகரத்தை நிரப்பும். கனம் ஏறியதும் அதில் கட்டிய கயிறு விசையை இழுக்கும். ஆள் போன பிறகும் அகழியிலிருந்து வேட்டுச் சத்தம் கேட்க வழி செய்த எளிய கருவி இது. கடைசி இரவில் ஆன்சாக்கில் எஞ்சிய சுமார் 10,000 பேர், காலணியில் சாக்குத் துணி சுற்றிக்கொண்டு கரைக்கு இறங்கினர். டிசம்பர் 20 விடிவதற்குள் இரு முனைகளும் காலியாயின. ஏறத்தாழ 83,000 பேர் மீட்கப்பட்டனர். உயிரிழப்பு அநேகமாக இல்லை.

அடுத்துக் காலி செய்ய வேண்டியிருந்த, தெற்கே உள்ள ஹெலஸ் முனையில் நிலைமை இன்னும் கடினம், ஏனெனில் எதிரி இப்போது விழிப்பாக இருந்தார். ஜனவரி 7 அன்று துருக்கியர் தொடுத்த தாக்குதல் கடற்படைப் பீரங்கிகளின் உதவியோடு முறியடிக்கப்பட்டது. 8ஆம் தேதி இரவு காற்று வலுத்துப் படகுகள் தத்தளித்தபோதும், மறுநாள் அதிகாலைக்குள் கடைசி வீரரும் ஏற்றப்பட்டார். இம்முனையிலிருந்து மீண்டோர் 35,000க்கும் மேல். ஏற்ற முடியாத நூற்றுக்கணக்கான கோவேறு கழுதைகளைச் சுட்டுக் கொன்றனர். விட்டுச் சென்ற வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்தனர்.

எட்டு மாதப் போரில் நேச நாட்டினர் சுமார் 44,000 பேரும் துருக்கியர் 80,000க்கும் மேற்பட்டோரும் மடிந்தனர். மீண்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் எகிப்தில் சீரமைக்கப்பட்டு 1916இல் பிரான்சுக்குச் சென்றன. பிரிட்டனின் 13ஆம் டிவிஷன் மெசொப்பொத்தேமியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டது.