சதுரங்க நிலைக்கு எழுத்தும் எண்ணும்

சதுரங்கப் பலகைக்குக் குறியீடு வகுக்கும் முயற்சி கணிப்பொறி தோன்றிய பின் எழுந்ததன்று. கி. பி. 9-ஆம் நூற்றாண்டிலேயே காசுமீரத்து உருத்திரடர் தம் 'காவியாலங்காரம்' என்னும் அணிநூலில், குதிரை பாயும் நெறியில் எழுத்துக்களைத் தொடுக்கும் சித்திரகவியைக் காட்டினார். 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாசம்' ஒரு படி மேற்சென்றது. ஒரு திசை வரிசைகளுக்கு எட்டு மெய்களையும் மற்றைத் திசை வரிசைகளுக்கு எட்டு உயிர்களையும் அந்நூல் வகுத்தது. ஆகவே, ஓர் உயிர்மெய்யைச் சொன்ன அளவில் 64 கட்டங்களுள் இன்னதென்பது விளங்கும். கொஸ்லந்தவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் 'ஐந்தாம் நம்பர் மலை' என்றதும் கொழுந்தெடுப்போர்க்கு இடம் தெரிவது போன்றதே இது.

தமிழகத்தில் இக்கலையை உச்சிக்குக் கொண்டு சென்றவர், காஞ்சியின் தூப்புலில் 1268-இல் பிறந்த வேதாந்த தேசிகர். திருவரங்கத்துப் பெருமானின் பாதுகைகளைப் போற்றிய 'பாதுகா சகசிரம்' என்னும் அவருடைய வடமொழி நூலில் இரு சுலோகங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதற் சுலோகத்தின் 32 எழுத்துக்களையும் வரிசைக்கு எட்டாக நான்கு வரிசையில் எழுதி, முதற் கட்டத்திலிருந்து குதிரைப் பாய்ச்சலிற் படித்துச் சென்றால் இரண்டாம் சுலோகம் வெளிப்படும். எக்கட்டமும் விடுபடுவதில்லை, எக்கட்டமும் இருமுறை வருவதுமில்லை. இரண்டிலும் பொருள் சிதையாமை வியப்பினும் வியப்பே.

கணிப்பொறியின் தேவை வேறு. 1950-இல் கிளோட் ஷனன் வெளியிட்ட கட்டுரையில் பலகை 64 எண்களாயிற்று: வெறுங்கட்டம் 0, வெள்ளைக் காய்கள் 1 முதல் 6, கறுப்புக் காய்கள் அவற்றின் எதிரெண்கள். ஆயினும், நகர்த்தல்களின் முறை மாறினும் ஆட்டம் ஒரே நிலையை வந்தடைதல் உண்டு. முன் ஆராய்ந்த நிலையையே பொறி மீண்டும் ஆராய்வது வீண் உழைப்பன்றோ? 1967-இல் றிச்சட் கிறீன்பிளற்றின் 'மாக் ஹக்' நிரல் ஆராய்ந்த நிலைகளை அட்டவணையிற் பதிந்து வைத்தது. அவ்வாறு பதிந்த நிலையை நொடியில் இனங்காணச் சுருங்கிய அடையாளம் வேண்டும்.

அதற்குச் சிறந்த வழியை 1970-இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து அல்பேட் சோபிறிஸ்ற் வகுத்தார். பன்னிரு வகைக் காய்களுக்கும் 64 கட்டங்களுக்குமாக 768 எழுமாற்று எண்கள் முன்னரே குறிக்கப்படும். பலகையில் உள்ள காய்களுக்குரிய எண்களைத் துவித வடிவில் இணைத்தால் வருவதே அந்நிலையின் அடையாளம். இலக்கங்கள் ஒத்த இடத்தில் 0, வேறுபட்ட இடத்தில் 1 என்பது இணைப்பு விதி. இவ்விதிப்படி ஓர் எண்ணை இருமுறை இணைத்தால் அது தானே நீங்கிவிடும். ஆகவே குதிரையொன்று வெறுங்கட்டத்துக்குப் பாயும்போது, பழைய கட்டத்தின் எண்ணை நீக்கிப் புதியதன் எண்ணை இணைத்தாற் போதும். பலகை முழுவதையும் மீளக் கணிக்க வேண்டியதில்லை. யார் முறை, கோட்டை கட்டும் உரிமை, காலாளை வழியில் வெட்டும் உரிமை ஆகியவற்றுக்கு மேலும் 13 எண்கள் வேண்டும். இவற்றை விட்டால் வேறுபட்ட நிலைகள் ஒன்றெனத் தோன்றும்.

இவ்வேகத்துக்கு ஒரு விலை உண்டு. தேசிகரின் முதற் சுலோகத்திலிருந்து இரண்டாவதைப் பெறலாம்; இரண்டாவதிலிருந்து முதலாவதையும் மீட்கலாம். சோபிறிஸ்ற்றின் எண்ணிலிருந்து பலகையை மீட்டல் இயலாது. இரு நிலைகள் ஒரே எண்ணைப் பெறவும் கூடும். அம்பலப்புழைக் கதையில், முதியவராய் வந்த கண்ணன் கட்டந்தோறும் இரட்டிக்கும்படி கேட்ட அரிசிமணிகளின் தொகை 18,446,744,073,709,551,615 ஆகும். 64 இலக்கத் துவித எண்களின் தொகை அதனினும் ஒன்றே மிகுதி. இத்துணைப் பெருங்களஞ்சியத்திலும், ஏறக்குறைய 500 கோடி நிலைகளைக் கணித்த அளவில், அவற்றுள் ஏதேனும் இரண்டு ஒரே எண்ணைப் பெறும் நிகழ்தகவு பாதியாகிவிடும். 23 பேர் கூடிய அவையில் இருவர்க்கு ஒரே பிறந்த நாள் அமையும் நிகழ்தகவு பாதிக்கு மேற்படுவதும் இக்கணக்காலேயே. ஆதலால், அட்டவணை தந்த நகர்த்தல் எதிரே உள்ள பலகையிற் செல்லுமோ என்று சரிபார்த்த பின்னரே அதனைக் கைக்கொள்ளும் நிரல்கள் பல உள.