மெட்டுகளுக்கு நடுவே

வீணையில் விரல் பதிகிற பித்தளைக் கட்டைகளுக்கு மெட்டு என்று பெயர். பாட்டு நடக்கிற நடைக்கும் மெட்டு என்றுதான் பெயர். இந்த இரண்டு மெட்டுகளுக்கும் உள்ள தகராறைப் பற்றி எழுதுவதே உத்தேசம். மாண்டலினில் கிறிஸ்தவப் பாட்டுகள் வாசிக்கிறவன் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை. நம்மிடையே சங்கீதம் பற்றி எழுதுகிறவர்கள் சபாக்களின் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். ராகமும் தாளமும் தலைப்பில் அச்சிடப்பட்ட பாட்டுகளை, ராகம் என்றால் என்னவென்று அறியாத ஒரு ஜனக்கூட்டம் ஞாயிறுதோறும் பாடிக்கொண்டிருக்கிறது என்கிற விஷயம் அவர்கள் கவனத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை.

நான் வாசிப்பது ராசிபுரம் பக்கத்தில் ஒரு சின்னச் சபையில். ஆராதனையில் இரண்டு வகைப் பாட்டுகள். ஒன்று ஞானப்பாட்டு அல்லது பாமாலை. ஐரோப்பிய மெட்டு, தமிழ் வார்த்தை. மற்றது கீர்த்தனை, பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் உண்டு. பாடுகிறவர்களுக்கு இரண்டும் பாட்டுதான். எனக்கு அப்படியில்லை. மாண்டலினுக்கு எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி; சுருதி கூட்டுவது மேல்நாட்டு வயலின் மாதிரியே. பாமாலைக்கு அது சரி. கீர்த்தனைக்கு, நம் வயலின்காரர்கள் செய்வதுபோல, ச-ப-ச-ப என்று வைத்துக்கொண்டால்தான் கை ஓடும். அதற்கு மேல் இரண்டு ஜோடிகளை ஒரு முழு ஸ்வரம் இறக்க வேண்டும். ஆகவே ஒரு பாமாலைக்கும் அடுத்த கீர்த்தனைக்கும் நடுவே, போதகர் ஜெபம் சொல்லும் நேரத்தில், நான் தலையைக் குனிந்து நான்கு முறுக்காணிகளைத் திருகிக்கொண்டிருப்பேன். பக்தி என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

சுலபமானதிலிருந்து தொடங்குகிறேன். ஜான் நியூட்டன் எழுதி 1779இல் அச்சான ‘அமேசிங் கிரேஸ்’ உலகம் முழுவதற்கும் தெரியும். அதற்கு இப்போது வழங்கும் மெட்டு அவருடையதல்ல. ‘நியூ பிரிட்டன்’ என்ற அந்த மெட்டுடன் அமெரிக்காவில் 1835இல் வெளிவந்த ஒரு பாட்டுப் புத்தகத்தில்தான் அந்த வார்த்தைகள் சேர்ந்தன. அந்த மெட்டில் ஐந்தே ஸ்வரங்கள். ச, ரி, க, ப, த. நம் மோகனத்தின் ஸ்வரங்கள். மாண்டலினில் அது தானாகவே வந்து உட்காரும். எந்த ஸ்வரமும் பக்கத்து ஸ்வரத்தை எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. கெண்டகியின் பில் மன்றோ (1911–1996) தம் குழுவின் சுவிசேஷப் பாட்டுகளில் பல சமயம் பிடிலையும் பாஞ்சோவையும் ஒதுக்கிவிட்டு, நான்கு குரல்களுக்கு மாண்டலினையும் கிதாரையும் மட்டும் துணை வைத்துக்கொண்டதன் காரணம் இதை வாசிக்கும்போது புரிகிறது. குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கத் தெரிந்த வாத்தியம் இது. ஆனால் மோகனத்தின் ஸ்வரங்களை வாசிப்பதும் மோகனம் வாசிப்பதும் ஒன்றல்ல. இதை நான் தெரிந்துகொள்ள வெகுகாலம் பிடித்தது.

ஞானப்பாட்டுகளின் வரலாறு தரங்கம்பாடியில், 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவோடு தொடங்குகிறது. பிறகு ஃபப்ரீஷியஸ் (1711–1791) ஜெர்மன் பாட்டுகளைப் பெருமளவில் தமிழாக்கினார். மெட்டை மாற்றாமல் வார்த்தையை மட்டும் மாற்றுகிற காரியம். ஜெர்மன் பாட்டு அசையின் அழுத்தத்தில் நடப்பது. தமிழ் குறில் நெடிலின் அளவில் நடப்பது. விளைவு, குறிலை இழுத்தும் நெடிலைக் குறுக்கியும் பாடவேண்டியிருக்கிறது. ஒரு சொல் பாதியில் மூச்சுக்கு நிற்கிறது. யாப்பு தெரிந்தவன் காதைப் பொத்திக்கொள்வான். ஆனாலும் லூத்தரின் கோட்டைப் பாட்டை மாண்டலினில் வார்த்தையில்லாமல் வாசித்துப் பாருங்கள். அதன் எலும்பு எவ்வளவு உறுதியானது என்பது தெரியும். நீண்டு நிற்கிற ஸ்வரங்களுக்கு மட்டும் பிக்கை மேலும் கீழுமாக அதிரவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒலி செத்துவிடும். எனக்கு மிகப் பிடித்தது ‘சைலண்ட் நைட்’. 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃபில் முதன்முதல் பாடப்பட்டபோது அதற்குத் துணை கிதார்தான். மீட்டுகிற தந்திக்கென்றே பிறந்த பாட்டு. மூன்று மூன்றாக நடக்கும் அதன் நடை நம் ஊர்த் தாலாட்டுக்கு ஒன்றும் தூரமில்லை.

இனி கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலியில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரி அவரைச் சிறுவயதில் தஞ்சைக்கு அழைத்துவந்தார். அங்கே அவரோடு பழகியவர், பின்னால் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி. முத்துஸ்வாமி தீக்ஷிதர் (1775–1835) பிறந்தது சாஸ்திரியாருக்கு ஒரு வருஷம் கழித்து. தீக்ஷிதர் ஆங்கிலேய வாத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருத வார்த்தை போட்டார். அவர் தம்பி பாலுஸ்வாமி வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். சாஸ்திரியார் எதிர்த்திசையில் போய், ஐரோப்பியச் சமயத்தைக் குறவஞ்சிக்குள்ளும் பதத்துக்குள்ளும் இறக்கினார். ‘பெத்லகேம் குறவஞ்சி’ 1800இல் இயற்றப்பட்டது. இந்த இரண்டு காரியங்களையும் ஒரே காலத்தின் இரண்டு கைகளாகப் பார்க்கிற சங்கீத வரலாறு தமிழில் இன்னும் எழுதப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாட்டுகள் அப்படித்தான் சபைகளெங்கும் பரவின. எனக்கு அவரை வாசிக்கத்தான் ஆசை. மாண்டலினுக்குத்தான் இஷ்டமில்லை. செஞ்சுருட்டி வரும். சங்கராபரணம் மேலோட்டமாக வரும். ஆனந்தபைரவியின் காந்தாரம் ஒரு மெட்டில் நிற்பதில்லை. இரண்டு மெட்டுகளுக்கு நடுவே அசைந்துகொண்டிருப்பது அது. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அந்த அசைவைக் கொண்டுவரலாம். மாண்டலினில் ஜோடித் தந்தி. இழுத்தால் ஒன்று ஒரு அளவு ஏறும், மற்றது வேறு அளவு ஏறும், அபஸ்வரம்தான் மிச்சம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின் மாண்டலினை எடுத்துக்கொண்டதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. 1978இல் அவர் முதல் கச்சேரி செய்தபோது வயது ஒன்பது. அதுவரை இந்த வாத்தியத்தால் கமகம் முடியாது என்பதுதான் பொதுவான தீர்ப்பு. ஹார்மோனியத்துக்கும் இதே குற்றச்சாட்டுத்தான். 1940இல் அகில இந்திய வானொலி அதை விலக்கிவைத்தது, 1971 வாக்கில்தான் தடை தளர்ந்தது. அந்த முப்பது வருஷங்களும் சபைகளில் ஹார்மோனியம் தடையில்லாமல் ஒலித்தது. காந்தாரத்தின் அசைவு ஜனங்களின் காதிலிருந்து போனதற்கு ஹார்மோனியத்தின் பங்கு கொஞ்சமல்ல. என்னுடையதும் சேர்த்துத்தான்.

இங்கே நான் தவிர்க்க முடியாத ஒரு விஷயம் வருகிறது. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் பழைய வழக்கங்களை மாற்ற முனைந்தபோது, தஞ்சைக் கிறிஸ்தவர்கள் சார்பில் சாஸ்திரியார் கடுமையாக எழுதினார். தங்களுக்கு இழைக்கப்பட்டதாக அவர் சொன்ன கொடுமைகள் நான்கு. பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றியது. பண்டிகைகளில் பூக்களை விலக்கியது. ஆராதனையிலிருந்து தமிழ்ச் சங்கீதத்தை அகற்றியது. நான்காவது, சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது. தமிழ்ப் பாட்டுக்காக வழக்காடிய அதே பேனாதான் கோயிலுக்குள் தனித்தனியே உட்காரும் உரிமைக்காகவும் வழக்காடியது. கிறிஸ்தவத்தைத் தமிழ்மயமாக்கியவர் என்று அவரைக் கொண்டாடுகிற நமது ஆய்வாளர்கள் பூவையும் பாட்டையும் சொல்லிவிட்டு மற்றதைப் பின்னிணைப்புக்குத் தள்ளுகிறார்கள். எந்தத் தமிழ் என்று அவர்கள் கேட்பதில்லை.

நான் கேட்டாக வேண்டியிருக்கிறது. என் பாட்டனார் பறை அடித்தவர். தகப்பனார் உபதேசியார். பறையைத் தொடக்கூடாது என்று சொல்லித்தான் எனக்கு மாண்டலின் வாங்கிக்கொடுத்தார். அது இத்தாலியிலிருந்து வந்த வாத்தியம். சாவுக்கு வாசிப்பதில்லை, அதைக் கண்டு யாரும் தெருவைவிட்டு ஒதுங்குவதில்லை என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சேலத்தில் லண்டன் மிஷன் 1827இல் வேலையைத் தொடங்கியது. அதற்கு இருநூறு வருஷங்கள் முன்பே, 1623இல், தத்துவபோதகர் என்கிற ராபர்ட் டி நொபிலி சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்துபோயிருக்கிறார். 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் தம்பதி ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் கொல்லிமலையில் குடியேறினார்கள். ஜெஸ்ஸி 1929இல் மலைக்காய்ச்சலில் அங்கேயே இறந்தார். ஈவ்லின் முதுமையில் திரும்பிவந்து, 1974இல் சாகும்வரை மலைகளில் உழைத்தார். இவர்கள் கதையை நம் வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். காவிரிக்கு அக்கரையில், ஈரோட்டில் இருந்த எச். ஏ. பாப்லியை யாரும் சொல்வதில்லை. லண்டன் மிஷன் போதகரான அவர் கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்றவர். கதாகாலட்சேப முறையில் சுவிசேஷம் சொல்வதற்கு எல். ஐ. ஸ்டீஃபனோடு சேர்ந்து 1914இல் ஒரு கைநூல் வெளியிட்டார்; 1921இல் இந்திய சங்கீதம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் இன்றும் படிக்கத் தகுந்தது; குறளை மொழிபெயர்த்தார். வெள்ளைக்காரர் ஒருவர் இவ்வளவு பிரயாசைப்பட்டு நம் சங்கீதத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவர் கையில் இருந்தது தஞ்சாவூர். எங்கள் சேரியில் அதற்கு முன்னும் சங்கீதம் இருந்தது. அது அவர் பாடத்திட்டத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

அதைச் சொன்னவர் மதுரை இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோஃபிலஸ் அப்பாவு. பரட்டை அண்ணன் என்றால்தான் தெரியும், 2005இல் காலமானார். பாமாலையும் கீர்த்தனையும் ஒடுக்கப்பட்டவனுக்கு ஒரே அளவில் அந்நியம் என்று வாதாடி, நாட்டுப்புற மெட்டிலேயே வழிபாட்டு முறையொன்றை அமைத்தார். அவரைப் படித்தபோது, நான் திருகிக்கொண்டிருந்த இரண்டு சுருதிகளையும் மூன்றாவது ஒன்று வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு உறைத்தது. ஆனால் அவரோடு எனக்கு ஒரு பிணக்கும் உண்டு. ஆனந்தபைரவியை வேளாளருக்கு விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. என் அம்மா ஒப்பாரியில் அந்தக் காந்தாரத்தை, பெயர் தெரியாமல், ஹார்மோனியம் கெடுக்காத சுத்தத்தோடு அசைத்துப் பாடக் கேட்டிருக்கிறேன்.

போன அறுப்பின் பண்டிகைக்குச் சேரிப் பையன்கள் காணிக்கைக் கதிர்களைப் பறையடித்து ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். கோயில் படி வரைக்கும் அடித்துக்கொண்டு வந்தார்கள். படியில் யாரோ கை காட்டியதும் நின்றுவிட்டது. கதிர்கள் மட்டும் உள்ளே வந்தன. அடுத்தது கீர்த்தனை, தலைப்பில் ஆனந்தபைரவி, ஆதி தாளம் என்று போட்டிருந்தது. நான் மேல் தந்திகளை இறக்கிக்கொண்டிருந்தேன்.