சீதபேதியும் ஒரு செடியின் வேரும்

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தோன்றுவதற்கு முன்னர் மக்கள் வயிற்று நோய்களுக்குப் பெரிதும் மூலிகைகளையே நம்பினர். தமிழ் மருத்துவர் சீதபேதிக்குக் குடசப்பாலைப் பட்டையைக் கொடுத்தனர். பிரேசில் நாட்டுப் பழங்குடியினர் இபிகாக்குவானா என்னும் சிறுசெடியின் வேரைக் கொடுத்தனர். அவ்வேரின் வரலாறு மாணவர் அறியத்தக்கது.

பிரேசிலில் பணியாற்றிய வில்லெம் பீசோ என்னும் டச்சு மருத்துவர், 1648இல் வெளிவந்த நூலில் இவ்வேரைப் பற்றி எழுதினார். பின்னர்ப் பாரிசு நகரில் எல்வேசியஸ் என்னும் மருத்துவர் இதனை மறைமருந்தாக வைத்துப் பொருளீட்டினார். 1688இல் பதினான்காம் லூயி மன்னரின் அரசு 1,000 பொற்காசுகள் அளித்து அம்மறையை வாங்கியது. 1817இல் பெல்லெத்தியே, மஜாந்தி ஆகிய இருவரும் வேரினின்று எமட்டீன் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர்.

ஆயினும் இம்மருந்து சிலரைக் காத்தது, சிலரைக் கைவிட்டது. அதன் காரணம் பின்னரே விளங்கிற்று. 1875இல் ரஷ்யாவில் லேஷ் என்பார் நோயாளியின் மலத்தில் அமீபாவைக் கண்டார். 1897இல் ஜப்பானியரான ஷிகா, சீதபேதியை உண்டாக்கும் பாக்டீரியா ஒன்றைக் கண்டறிந்தார். பெயர் ஒன்றாயினும் நோய் இரண்டு! எமட்டீன் அமீபாவைக் கொல்லும். ஷிகா கண்ட கிருமியால் வரும் சீதபேதிக்கு அது மருந்தாகாது. 1912இல் லெனார்டு ராஜர்ஸ் கல்கத்தாவில் எமட்டீனை ஊசிவழிச் செலுத்தி அமீபாச் சீதபேதியைக் குணப்படுத்தினார்.

இச்செடி மலாயாவுக்கும் வந்தது. சிலாங்கூரிலும் ஜொகூரிலும் பயிரிடப்பட்டு, அதன் வேர் ஏற்றுமதியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டுத் தோட்டங்களில் மலேரியாவோடு சீதபேதியும் தமிழ்த் தொழிலாளர் பலரின் உயிரைக் குடித்தது. மருந்துச்செடி விளைந்த மண்ணிலேயே மக்கள் மாண்டனர். தூய குடிநீரும் முறையான கழிப்பிடமும் இல்லாத இடத்தில் எந்த வேரும் தனித்து நின்று நோயைத் தடுத்திருக்க இயலாது.

எமட்டீன் நெஞ்சப்பையைத் தாக்கும் இயல்புடையது. எனவே, 1960களில் மெட்ரோனிடசோல் என்னும் மருந்து அமீபா நோய்க்குப் பயன்படத் தொடங்கியபின் எமட்டீன் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது.

மூலிகையை இகழ்வாரும், ஆராயாது புகழ்வாரும் இவ்வரலாற்றை நினைவிற்கொள்ளல் நலம். முன்னோர் கண்ட வேரில் உண்மை இருந்தது. எந்த நோய்க்கு, எந்த அளவில், என்ன தீங்குடன் என்பதை ஆய்வே காட்டிற்று. குருதி கலந்து கழியும் குழந்தைக்கு முதலில் வேண்டுவது நோய் இன்னதெனக் கண்டறியும் மருத்துவமே. மூலிகை அதற்கு மாற்றாகாது.