அசோக சக்கரம் பிறந்த கதை

சென்னை மேடவாக்கம் கூட்டு ரோட்டில் நின்றால் ஒரு சாலை தாம்பரத்துக்குப் போகும். இன்னொன்று கீழ்க்கட்டளை வழியாகப் பரங்கிமலைப் பக்கம் போகும். மேஜர் முகுந்த் வரதராஜன் இதழியல் படித்தது தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில். ராணுவ அதிகாரியானது பரங்கிமலை பயிற்சி அகாடமியில். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் இறந்தார். மறு ஆண்டு குடியரசு நாளில் அவருக்கு அசோக சக்கரம் கிடைத்தது.

அதே பரங்கிமலையில் பயிற்சி பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987இல் இலங்கையில் இறந்தபோது கிடைத்தது பரம் வீர் சக்கரம். இருவரும் குண்டடிபட்டுத்தான் இறந்தார்கள். பதக்கம் மட்டும் ஏன் வேறு?

விடை 1950இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜனவரி 26 அன்று பரம் வீர் சக்கரம் பிறந்தது. ஆனால் 1947 ஆகஸ்ட் 15 முதலே செல்லும் என்று விதி எழுதினார்கள். அதனால்தான், பதக்கம் பிறப்பதற்கு இரண்டாண்டு முன்பே பட்காமில் உயிர்விட்ட மேஜர் சோம்நாத் சர்மா அதன் முதல் வீரரானார். தேதியை இப்படித் தாராளமாகப் பின்னுக்குத் தள்ளிய விதி, வேறொரு சொல்லில் கறாராக நின்றது. வீரம் 'எதிரியின் முன்னிலையில்' காட்டப்பட்டிருக்க வேண்டும்.

1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஐதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. அதைப் போர் என்று சொல்லவில்லை. 'போலீஸ் நடவடிக்கை' என்றார்கள். போர் இல்லையென்றால் விதிப்படி 'எதிரி'யும் இல்லை. பாய்ந்து வந்த குண்டுகளுக்கு அந்தப் பெயர் தெரியாது. 13ஆம் தேதி ஹவில்தார் பசித்தர் சிங் இறந்தார். 15ஆம் தேதி துங்கபத்ரா பாலத்தருகே நாயக் நர் பகதூர் தாபா, சுட்டுக்கொண்டிருந்த துப்பாக்கியை நோக்கிக் குக்ரிக் கத்தியோடு பாய்ந்தார்.

இவர்களைப் போன்றவர்களுக்காக 1952 ஜனவரி 4 அன்று இன்னொரு பதக்க வரிசை வந்தது. இதற்கு நாடாளுமன்றச் சட்டம் தேவைப்படவில்லை. குடியரசுத் தலைவரின் அறிவிக்கை அரசிதழில் வெளியானது, அவ்வளவுதான். பட்டங்களைத் தடை செய்யும் அரசியல் சாசனத்தின் 18ஆம் பிரிவே ராணுவச் சிறப்புகளுக்கும் கல்விச் சிறப்புகளுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறது. இங்கேயும் பழைய தேதிதான்: 1947 ஆகஸ்ட் 15. ஐதராபாத் வீரர்கள் இருவரும் பட்டியலில் ஏறினார்கள். அடுத்த மாதமே, தீப்பிடித்த விமானத்தை வயலில் இறக்கி, உள்ளே இருந்த ராணுவத் தளபதிகளைக் காப்பாற்றிய விமானி சுகாஸ் பிஸ்வாஸும் சேர்ந்தார். அங்கே துப்பாக்கியே கிடையாது.

தொடக்கத்தில் இந்த வரிசையின் உச்சப் பதக்கத்தின் பெயர் அசோக சக்கரம் முதல் வகுப்பு. கீழே இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. உயிரைக் கொடுத்தவருக்கு ரயில் டிக்கெட் மாதிரி ஒரு பெயர்! 1967இல் அவை அசோக, கீர்த்தி, சௌரிய சக்கரங்கள் ஆயின.

ராணுவத்தில் இல்லாதவர்களுக்கும் இந்தக் கதவு திறந்தது. 1986இல் கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் பயணிகளைக் காத்து இறந்த பணிப்பெண் நீர்ஜா பனோட்டுக்கும், 2001இல் நாடாளுமன்ற வாசலில் இறந்த சிஆர்பிஎஃப் காவலர் கமலேஷ் குமாரிக்கும் இதே சக்கரம்தான்.

முகுந்துக்குக் கிடைத்தது குறைந்த பதக்கமோ என்று நினைப்பவர்கள் இரண்டின் முகத்தையும் பார்க்கலாம். பரம் வீர் சக்கரத்தில் இருப்பது இந்திரனின் வஜ்ராயுதம். இதில் இருப்பதோ, கலிங்கத்துக்குப் பிறகு போரையே விட்ட அரசனின் சக்கரம்.