விளம்பரம் பிறந்த கதை – 9: முட்டைத் தலைக்காரர்கள்

2009 ஏப்ரல். செகந்திராபாத் பக்கம் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ராத்திரி எட்டு மணி ஆனால் வீட்டுக்கு வீடு ஐபிஎல் சத்தம். நாட்டில் தேர்தல் என்பதால் போட்டி மொத்தமும் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. முந்தைய வருஷம் கடைசி இடத்தில் கிடந்த டெக்கான் சார்ஜர்ஸ், கில்கிறிஸ்ட் தலைமையில் வரிசையாக ஜெயிக்கிறது. ஊருக்குத் தலைகால் புரியவில்லை.

ஓவர் முடிந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவர்கள் அந்த வருஷம் மட்டும் எழுந்திருக்கவில்லை. விளம்பரம் வரும். வெள்ளை உடம்பு, பலூன் வயிறு, முட்டைத் தலை. வோடஃபோனின் ஜூஜூ! தினம் ஒரு புதுக் கதை.

‘எல்லாம் கம்ப்யூட்டர் வேலை’ என்றார்கள். ஹைதராபாத்காரர்கள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. சோட்டா பீமை முந்தைய வருஷம்தான் இதே ஊர் கிரீன் கோல்ட் நிறுவனம் டிவியில் இறக்கியிருந்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். ஓகில்வி விளம்பர நிறுவனத்தின் ராஜீவ் ராவ் முன்னால் இருந்த வேலை, சீசனுக்கு 30 படங்கள். கணக்குப் போடுங்கள். நம் டிவியில் வினாடிக்கு 25 ஃப்ரேம். அரை நிமிஷப் படத்துக்கு 750. முப்பது படத்துக்கு 22,500. ஒரு ஃப்ரேமைக் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்க, அதாவது ரெண்டர் செய்ய, ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஒரே மெஷினில் 937 நாள்! ஐம்பது மெஷின் போட்டு அதைச் சமாளிக்கலாம்தான். ஆனால் ரெண்டர் கடைசிக் கட்டம். அதற்கு முன் மாடல் செய்து, எலும்புக்கூடு மாட்டி, அசைவு கொடுத்து, லைட்டிங் பார்க்க வேண்டும். அப்புறம் வாடிக்கையாளர் வந்து, ‘கை இன்னும் கொஞ்சம் மேலே போகலாமே’ என்பார். மறுபடி முதலிலிருந்து.

எடுத்த முடிவு விபரீதமானது. நிஜ மனிதர்களுக்கு வேஷம் கட்டி, அவர்களைக் கார்ட்டூனாகத் தெரியவைப்பது! பொறுப்பு பெங்களூர் நிர்வாணா ஃபிலிம்ஸின் பிரகாஷ் வர்மா தலையில் விழுந்தது. ஹட்ச் விளம்பரத்தில் பையன் பின்னாலேயே ஓடும் பக் நாய்க்குட்டியைப் படம் பிடித்தவர். படப்பிடிப்பு கேப் டவுனில். ஏப்ரல் 18-ம் தேதி ஐபிஎல்லின் முதல் பந்து விழப்போவதும் அதே ஊரில்தான்.

வேஷத்துக்குள் பெரும்பாலும் ஒல்லியான உள்ளூர்ப் பெண்கள். செட்டை வழக்கத்தைவிடப் பெரிதாகப் போட்டார்கள், ஆள் குட்டியாகத் தெரிய. நிழலைக்கூட லைட்டை நம்பி விடாமல், பின்னணியில் சாம்பல் பெயின்ட்டை ஸ்ப்ரே அடித்தார்கள். கேமரா வினாடிக்கு 20 ஃப்ரேம்தான் ஓடியது. திரையில் அது சற்றே வெட்டி வெட்டி, பொம்மை நடையாக வரும்.

வம்பு துணியில் வந்தது. பார்த்த துணிகளில் ஒன்று பளபளத்தது. போட்டுக்கொண்டு அசைந்தால் சுருக்கம் விழுந்தது. முழங்காலில் ஒரு மடிப்பு போதும், உள்ளே ஆள் இருக்கிறது என்று மெட்டுகுடாவில் மூணாங்கிளாஸ் பையன் கண்டுபிடித்துவிடுவான். அதைக் கழித்துக்கட்டி, வேறு துணியில் தைத்து, அங்கங்கே ஃபோம் அடைத்தார்கள். உடம்பு தப்பியது.

தலை? அது பெர்ஸ்பெக்ஸ், கெட்டிப் பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் பெண் வாய்விட்டுச் சிரித்தாலும் வெளியே தெரியாது. புரிகிற மாதிரி வசனமும் கிடையாது. கதை முழுக்க முகத்தில்தான் ஓடியாக வேண்டும். கண் சிமிட்டாத, உதடு அசையாத முகம். அதைச் சிரிக்கவைத்து, அடுத்த நொடியே அழவைக்க வேண்டும். எப்படி?

(அடுத்த வாரம்)