கழன்ற தோளும் காக்கை அலகு எலும்பும்

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் என்றால் கபடியும் உண்டு. பாடிப்போனவரின் கையை எதிரணியினர் பிடித்து இழுக்கும்போது சில நேரம் தோள் கழன்றுவிடும். ஒருமுறை கழன்ற தோள் சிலருக்கு மறுபடி மறுபடி கழல்வது ஏன்? இதற்கு விடை தேடிய கதை 2000 ஆண்டுகளுக்கும் மேல் நீளமானது நண்பர்களே!

கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரடீஸின் பெயரில் உள்ள நூல், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அக்குளில் சூடு போடச் சொல்கிறது. தழும்பு இறுகி மூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பது எண்ணம்.

தோள்மூட்டு என்பது ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய பந்து. கிண்ணத்தின் விளிம்பில் உள்ள வளையம் பிய்ந்துபோவதே கோளாறு என்றார் இங்கிலாந்தின் பாங்கார்ட் (1923). அதைத் திரும்பத் தைத்தார். 1940-ல் அமெரிக்காவின் ஹில், சாக்ஸ் இருவரும் எக்ஸ்ரேயில் பந்திலேயே விழுந்த பள்ளத்தை விளக்கினார்கள். கிண்ணத்தின் விளிம்பு எலும்பும் தேயக்கூடும். முதலே கரைந்த கடைக்குக் கதவை மட்டும் சரிசெய்து என்ன பயன்?

1954-ல் பிரான்சின் லியோன் நகர மருத்துவர் மிஷேல் லதார்ஜே வேறு வழி சொன்னார். தோளின் முன்பக்கம் காக்கை அலகுபோல வளைந்த ஒரு சிறு எலும்பு உண்டு. அதைத் தசையோடு வெட்டி எடுத்து, கிண்ணத்தின் முன்விளிம்பில் திருகாணியால் பொருத்தினார். கிண்ணம் அகலமானது. கையை உயர்த்தும்போது அந்தத் தசையே தூளிபோலப் பந்தைத் தாங்கியது.

ஆனாலும் சிறு துளை வழியே தைக்கும் முறை வந்தபோது, எலும்புக் குறையைப் பலர் பெரிதாக எண்ணவில்லை. 2000-ல் பர்க்கார்ட், டி பீர் இருவரும் அப்படித் தைத்த 194 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். பெரிய எலும்புக் குறை இல்லாத 173 பேரில் 7 பேருக்கே தோள் மீண்டும் சிக்கல் தந்தது. குறை இருந்த 21 பேரில் 14 பேருக்கு! லதார்ஜேயின் முறைக்கு மறுபடி மவுசு வந்தது.

இதிலும் நரம்பு பாதிப்பு, எலும்பு ஒட்டாமை போன்ற ஆபத்துகள் உண்டு. எல்லோருக்கும் இது தேவையும் இல்லை. ஆனால் கழன்ற தோளை மைதானத்திலேயே இழுத்துப் பூட்டிவிட்டு மறுநாளும் ஆடுவது வீரம் அல்ல. சிதம்பரத்தில் 1985-லேயே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எலும்பு எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்த்துவிடலாம். கோப்பை அடுத்த வருடமும் வரும். வலை இழுக்கவும் மூட்டை தூக்கவும் அந்தத் தோள்தான் வேண்டும்.